முதுமையின் மருத்துவச் செலவு: குமரி மாவட்டத்தில் யார் தருவது, எதுவரை தருவது?

வயதானவர்களின் மருத்துவச் செலவை யார் ஏற்பது என்ற கேள்விக்கு நூறாண்டுகளுக்கும் மேலாகப் பதில்கள் வந்துகொண்டிருக்கின்றன. பிள்ளைகள் என்பது மூத்த பதில். தர்ம ஆஸ்பத்திரி, அரசு மருத்துவமனை, தொழிலாளர் காப்பீடு, அரசு கட்டும் பிரீமியம், சொந்தமாக வாங்கும் பாலிசி என்று மற்றவை பின்னால் வந்தன. புதியது வந்ததும் பழையது விலகிவிடவில்லை. எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து கிடக்கின்றன. ஒரே தெருவில் ஓய்வுபெற்ற ஆசிரியர், முன்னாள் ராணுவ வீரர், முந்திரி ஆலையில் உழைத்து ஓய்ந்த பெண், துபாயிலிருந்து மகன் அனுப்பும் பணத்தில் வாழும் தாய் என நால்வர் இருந்தால், நால்வருக்கும் நான்கு வேறு திட்டங்கள், நான்கு வேறு விதிகள்.

இந்தக் கேள்வியைக் கன்னியாகுமரி மாவட்டத்தில் வைத்துப் பார்ப்பதற்குக் காரணங்கள் உண்டு. 2011 கணக்கெடுப்பில் 18.7 லட்சம் மக்களும் 91.75 விழுக்காடு எழுத்தறிவும் கொண்டிருந்த மாவட்டம் இது. சிறு குடும்பம் இங்கே சீக்கிரமே வழக்கமாயிற்று. இளையவர்கள் வளைகுடாவுக்கும் சென்னைக்கும் கேரளத்துக்கும் போவதும் பழைய கதை. 2021-இல் தமிழ்நாட்டு மக்கள்தொகையில் 13.6 விழுக்காட்டினரும் கேரளத்தில் 16.5 விழுக்காட்டினரும் அறுபதைக் கடந்தவர்கள் என்று மத்திய அரசின் மதிப்பீடு சொல்கிறது. 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்த குமரியின் போக்கு கேரளத்தை ஒட்டியது என்று கருத இடமுண்டு. நாளை மற்ற மாவட்டங்கள் சந்திக்கப்போகும் செலவை இது முன்னதாகவே சந்திக்கிறது.

ஆஸ்பத்திரியே காப்பீடு

காப்பீடு என்ற ஏற்பாடு இங்கே வருவதற்கு வெகு முன்பே மருத்துவமனை வந்துவிட்டது. லண்டன் மிஷன் 1838-இல் நெய்யூரில் தொடங்கிய மருத்துவப் பணியும், சால்வேஷன் ஆர்மி 1890-களில் நாகர்கோவிலில் தொடங்கிய கேத்தரின் பூத் மருத்துவமனையும் இதன் தொடக்கக் கட்டம். எவரெஸ்ட் ஏறப் போன அறுவை மருத்துவர் சாமர்வெல் 1920-களில் நெய்யூருக்கு வந்து தங்கிவிட்டது பலரும் அறிந்த செய்தி. நன்கொடையும் இயன்றவர் தரும் கட்டணமும்தான் இந்த ஏற்பாட்டின் அடிப்படை. அதன் பலவீனமும் அதுதான்: தர்மத்தைக் கேட்டுப் பெறலாம், உரிமையாகக் கோர முடியாது.

அதை உரிமையாக மாற்றும் வரைவு, இந்தியச் சுகாதார நிலையை ஆய்ந்த போர் (Bhore) குழு 1946-இல் தந்த அறிக்கை. பணம் இல்லை என்பதற்காக யாருக்கும் சிகிச்சை மறுக்கப்படக் கூடாது என்பது அதன் அடிப்படைக் கொள்கை. பிரிட்டனில் 1942-இல் பெவரிட்ஜ் அறிக்கை வந்து, 1948-இல் தேசிய சுகாதாரச் சேவை தொடங்கிய காலம் அது. போர் குழுவும் வரிப்பணத்தில் நடக்கும் அரசுச் சேவையையே முன்வைத்தது. இந்தப் பார்வையில் முதியவருக்குத் தனி அட்டை தேவையில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தின் கதவு திறந்திருந்தால் போதும்.

குமரியில் இந்தப் பதில் வெற்றுக் கொள்கையாக நின்றுவிடவில்லை. 2001-இல் தொடங்கிய ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரியும், பத்மநாபபுரம், குழித்துறை, குளச்சல், பூதப்பாண்டி அரசு மருத்துவமனைகளும் இன்றும் பல முதியவர்களுக்கு உண்மையான காப்பீடு. தமிழ்நாடு மருத்துவச் சேவைக் கழகம் 1990-களின் நடுவிலிருந்து மருந்தை மொத்தமாகக் கொள்முதல் செய்து இலவசமாகத் தருவதும் இதே கொள்கையின் நீட்சி. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் உரிய மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுவருகிறது. இயன்முறை சிகிச்சையும் வலி தணிப்புப் பராமரிப்பும் அதில் அடங்கும். எந்தக் காப்பீட்டு நிறுவனமும் இல்லாமல் நடக்கும் இந்தத் திட்டம், காப்பீட்டு விவாதங்களில் பெரும்பாலும் பேசப்படாமலே போகிறது. அது சரியான விடுபடல் அல்ல.

பலவீனங்கள் தெரிந்தவைதான்: கூட்டம், காத்திருப்பு, சிறப்பு மருத்துவர் பற்றாக்குறை, மூத்தோருக்கென்று தனிப் பிரிவு எங்கும் பரவாமை. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007-இல் வந்தது. அதன் 20-ஆம் பிரிவு அரசு மருத்துவமனைகளில் முதியவர்களுக்குப் படுக்கையும் தனி வரிசையும் வேண்டும் என்கிறது. வரிசை சில இடங்களில் இருக்கிறது. படுக்கை, 'இயன்றவரை' என்ற சொல்லுக்குள் அடங்கிவிடுகிறது.

வேலை வழியாக வந்த பாதுகாப்பு

இரண்டாவது பதில் ஜெர்மனியில் 1883-இல் பிஸ்மார்க் கொண்டுவந்த நோய்க் காப்பீட்டுச் சட்டத்திலிருந்து வருகிறது: வேலை செய்பவரும் வேலை தருபவரும் மாதாமாதம் கட்ட, நோய் வந்தால் பொது நிதி ஏற்கும். இந்தியாவில் 1948-இல் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டம், அதாவது ஈ.எஸ்.ஐ., வந்தது, மத்திய அரசு ஊழியருக்கு 1954-இல் சி.ஜி.எச்.எஸ்.; முன்னாள் ராணுவத்தினருக்கு 2003-இல் ஈ.சி.எச்.எஸ். இந்த மூன்றும் ஒரே மாவட்டத்துக்குள் எவ்வளவு வேறுபட்டு நடக்கின்றன என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

முன்னாள் ராணுவத்தினர் நிறைந்த மாவட்டம் இது, நாகர்கோவிலிலேயே ஈ.சி.எச்.எஸ். பாலிகிளினிக் உண்டு. வெளிநோயாளி சிகிச்சை, மருந்து, மருத்துவமனை மூன்றும் ஒரே அட்டையில் கிடைப்பது இதன் சிறப்பு. மருந்து கையிருப்பு, பரிந்துரைக் கடிதம், தனியார் மருத்துவமனைகளுக்குப் பணம் நிலுவை என்று குறைகள் நாடெங்கும் பேசப்பட்டாலும், முதியவருக்கு எது தேவை என்பதை ஓரளவு முழுமையாக எண்ணிப் பார்த்த திட்டம் இதுதான் எனலாம். மத்திய அரசு ஓய்வூதியர் நிலை வேறு. சி.ஜி.எச்.எஸ். மையம் அருகில் இல்லாத இடங்களில் வாழ்வோர் மாதம் 1,000 ரூபாய் நிலையான மருத்துவப் படியைத் தேர்ந்துகொள்ளலாம். சர்க்கரையும் இதயமும் சேர்ந்து வந்தவருக்கு அந்தத் தொகை எத்தனை நாளைக்குக் காணும் என்பதை மருந்துக்கடைச் சீட்டு சொல்லிவிடும்.

மாநில அரசு ஓய்வூதியருக்கான புதிய மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் 2022 ஜூலை 1 அன்று மாதம் 497 ரூபாய் பிடித்தத்தில் தொடங்கியது. நான்கு ஆண்டுகளுக்கு 5 லட்சம் ரூபாய். குறிப்பிட்ட பெரிய நோய்களுக்கு 10 லட்சம். 'ஆண்டுக்கு 5 லட்சம்' என்று நினைத்துக்கொண்டிருக்கும் ஓய்வூதியர்கள் உண்டு. வரம்பு நான்காண்டுத் தொகுதிக்கு உரியது. கண்புரை போன்ற சிலவற்றுக்குத் தனி உச்சவரம்பும் இருக்கிறது. பட்டியலில் இல்லாத மருத்துவமனையில் அவசரமாகச் சேர்ந்துவிட்டால் தொகை மறுக்கப்படுவது நீண்டகாலச் சிக்கல். சி.ஜி.எச்.எஸ். தொடர்பான சிவ காந்த் ஜா வழக்கில் உச்ச நீதிமன்றம் 2018-இல், மருத்துவமனை பட்டியலில் இல்லை என்ற ஒரே காரணத்தால் மறுக்கக் கூடாது, சிகிச்சை உண்மையில் நடந்ததா என்பதே பார்க்க வேண்டியது என்று தீர்ப்பளித்தது. சென்னை உயர் நீதிமன்றமும் இதே திசையில் பலமுறை சொல்லியிருக்கிறது. இருந்தும் ஒவ்வொருவரும் தனித்தனியாக மனுப் போட்டே பெற வேண்டியிருக்கிறது. விளவங்கோடு பக்கம் கேரள அரசுப் பணியில் ஓய்வுபெற்றோரும் இருக்கிறார்கள், அவர்களுக்குக் கேரள அரசின் மெடிசெப் காப்பீடு. அது 2022 ஜூலையில் மாதம் 500 ரூபாய், ஆண்டுக்கு 3 லட்சம் என்ற கணக்கில் தொடங்கியது.

ஈ.எஸ்.ஐ.யில் மிகக் குறைவாகப் பேசப்படும் ஒரு விதி உண்டு. காப்பீடு செய்யப்பட்ட வேலையில் குறைந்தது ஐந்தாண்டு இருந்து, ஓய்வு வயதை எட்டி விலகியவர், ஆண்டுக்கு 120 ரூபாய் கட்டினால் தமக்கும் வாழ்க்கைத் துணைக்கும் மருத்துவ வசதியைத் தொடர்ந்து பெறலாம். மாதக் கணக்கில் பத்து ரூபாய். மேற்குக் குமரியின் முந்திரி ஆலைகளில் முப்பது நாற்பது ஆண்டு தோல் உரித்த பெண்களுக்கு வேலை வழிக் காப்பீட்டில் இதைவிட மலிவான வழி எதுவும் இல்லை. ஆனால் முந்திரி வேலை ஆண்டு முழுதும் ஓடுவதல்ல. ஆலை மூடிக் கிடக்கும் மாதங்களில் பங்களிப்பு விட்டுப்போகும். ஓய்வு என்று முறையாக எழுதித் தராமல், உடம்பு முடியாமல் வேலைக்குப் போவதை நிறுத்திவிடுவோரும் உண்டு. உரிமை காகிதத்தில் இருக்கிறது, காகிதம் ஆலை அலுவலகத்தில் இருக்கிறது.

வேலை வழிக் காப்பீட்டின் அடிப்படைப் பலவீனமும் இதிலேயே தெரிகிறது. வேலைக்குச் சான்று இருந்தால்தான் இது செல்லும். கட்டுமரத்தில் போனவருக்கும், பனையேறியவருக்கும், நாற்று நட்டவருக்கும், பிறர் வீட்டில் பாத்திரம் துலக்கியவருக்கும் அந்தச் சான்று எப்போதும் இருந்ததில்லை.

அட்டையின் காலம்

சான்று இல்லாதவருக்கு அரசே பிரீமியம் கட்டும் என்பது மூன்றாவது பதில். கர்நாடகத்தின் யஷஸ்வினி 2003-லும் ஆந்திரத்தின் ராஜீவ் ஆரோக்கியஸ்ரீ 2007-லும் வந்தன. மத்திய அரசு 2008-இல் 30,000 ரூபாய் வரம்போடு ஆர்.எஸ்.பி.ஒய். என்ற காப்பீட்டுத் திட்டத்தைத் தொடங்கியது. தமிழ்நாட்டில் 2009 ஜூலை 23 அன்று கலைஞர் காப்பீட்டுத் திட்டம். 2012 ஜனவரி 11 முதல் அதனிடத்தில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம். ஆட்சி மாறியபோது பெயரும் நிறுவனமும் மாறின, கருத்து மாறவில்லை. இந்திய அரசியலில் இது அரிதான தொடர்ச்சி.

2018 செப்டம்பரில் மத்திய அரசின் பிரதமர் மக்கள் ஆரோக்கியத் திட்டத்தோடு முதலமைச்சர் திட்டம் இணைந்தது. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் என்ற வரம்பு அதன் வழியே வந்தது. ஆண்டு வருமான உச்சவரம்பு 72,000 ரூபாயிலிருந்து 1,20,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 849 ரூபாய் பிரீமியம் என்ற கணக்கில் மாநில அரசு யுனைடெட் இந்தியா நிறுவனத்தோடு 2022 ஜனவரியில் ஐந்தாண்டு ஒப்பந்தம் செய்தது. பயனாளி கையிலிருந்து பிரீமியம் எதுவும் இல்லை. ரேஷன் அட்டை, ஆதார், கிராம நிர்வாக அலுவலரின் வருமானச் சான்று மூன்றும் இருந்தால் கலெக்டர் அலுவலகத்திலுள்ள பதிவு மையத்தில் அட்டை பெறலாம்.

முதியவர் கண்ணோட்டத்தில் இதில் இரண்டு முடிச்சுகள். முதலாவது, குடும்பம் என்பதன் வரையறை. சார்ந்து வாழும் பெற்றோர் குடும்பத்துக்குள் வருவர். ஆனால் பெயர் ரேஷன் அட்டையில் இருக்க வேண்டும். மகன் அட்டையில் பெயர் இருந்தால் மகன் வருமானம் கணக்கில் வரும். தனி அட்டை வைத்திருந்தால் தாயின் வருமானம் மட்டும். ஆகவே மகனோடு ஒரே வீட்டில் இருக்கும் தாய் தகுதி இழக்கவும், தனியாக விடப்பட்ட தாய் தகுதி பெறவும் கூடும். திட்டம் வகுத்தோர் எண்ணியிராத விளைவு இது. நடைமுறையில் பல குடும்பங்கள் இதற்கேற்ப ரேஷன் அட்டையைப் பிரிப்பதும் சேர்ப்பதும் உண்டு. இரண்டாவது, கோடு விழும் இடம். ஆண்டுக்கு 1,20,000 என்றால் மாதம் 10,000. ஒரு சிறு ஓய்வூதியமும் வீட்டு வாடகையும் சேர்ந்து 10,500 வந்தால் வெளியே. வெளியே நிற்பவர் பணக்காரர் அல்ல. இவர்களைத்தான் நிதி ஆயோக் 2021-இல் வெளியிட்ட அறிக்கை 'விடுபட்ட நடுப்பகுதி' என்றது.

இந்த அட்டைக்கு ஆதரவான வாதம் வலுவானது. இதய அறுவை, புற்றுநோய், டயாலிசிஸ் போன்றவற்றில் நிலம் விற்கும் நிலையிலிருந்து ஏராளமான குடும்பங்களை இது காத்திருக்கிறது. அரசு மருத்துவமனைகளும் இதன்கீழ் செய்யும் சிகிச்சைக்குப் பணம் பெறுவதால் அந்தத் தொகை அங்கேயே கருவிகளுக்கும் பராமரிப்புக்கும் திரும்புகிறது. எதிர்வாதத்துக்கும் அடிப்படை இல்லாமலில்லை: பட்டியலிட்ட சிகிச்சைக்கு மட்டுமே பணம், அதுவும் பெரும்பாலும் உள்நோயாளியாகச் சேர்ந்தால்தான். 'பேக்கேஜ் தொகை போதாது' என்று சொல்லித் தனியாகப் பணம் வாங்கப்படுவதாகப் புகார்கள் எழுகின்றன. விதிப்படி அது கூடாது. மாவட்டக் கலெக்டர் தலைமையிலான குறைதீர் குழுவுக்கு எழுதலாம், 1800 425 3993 என்ற எண்ணுக்கும் பேசலாம். ஆனால் படுக்கையில் இருப்பவரின் உறவினர் அந்த நேரத்தில் புகார் எழுதுவாரா என்பது வேறு கேள்வி.

எழுபது என்ற வயதுக்கோடு

வருமானக் கோட்டை விட்டுவிட்டு வயதுக் கோட்டைப் போடலாமே என்பது அடுத்த பதில். அமெரிக்கா 1965-இல் மெடிகேர் சட்டத்தின் வழி 65 வயதைக் கோடாக வைத்தது. இந்தியாவில் மத்திய அமைச்சரவை 2024 செப்டம்பர் 11 அன்று ஒப்புதல் தந்து, அக்டோபர் 29-இல் பிரதமர் தொடங்கிவைத்த வய வந்தனா அட்டை, 70 வயதைக் கடந்த எல்லாருக்கும் வருமானம் பாராமல் 5 லட்சம் என்கிறது. சுமார் 6 கோடி முதியவர்கள் இதற்குள் வருவர் என்பது அரசின் கணக்கு.

விவரங்கள் முக்கியம். ஐந்து லட்சம் ஆளுக்கு அல்ல, குடும்பத்துக்கு. எழுபது கடந்த கணவனும் மனைவியும் அதைப் பகிர்ந்துகொள்ள வேண்டும். ஏற்கெனவே பிரதமர் திட்டத்தில் உள்ள குடும்பத்து முதியவருக்கு இது கூடுதல் 5 லட்சம். வீட்டிலுள்ள இளையவர்கள் அதைத் தொட முடியாது. சி.ஜி.எச்.எஸ்., ஈ.சி.எச்.எஸ். வைத்திருப்போர் இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்கலாம், ஈ.எஸ்.ஐ. அல்லது தனியார் பாலிசி வைத்திருப்போர் இரண்டையும் வைத்துக்கொள்ளலாம். ஈ.சி.எச்.எஸ்.ஸில் வெளிநோயாளி மருந்து கிடைப்பதால், முன்னாள் ராணுவத்தினர் இதற்கு மாறுவது பெரும்பாலும் இழப்பாகவே முடியும். வயதுக்கு ஆதாரில் உள்ளதே சான்று. பள்ளிக்கூடம் போகாத தலைமுறைக்கு ஆதாரில் குத்துமதிப்பாகப் போட்ட ஆண்டு இருந்தால், அதுதான் இனி வயது.

இந்தப் பதிலின் மீது வைக்கப்படும் கேள்விகளும் உண்டு. பெரும்பாலான மாநிலங்களில் செலவை மத்திய அரசு 60, மாநிலம் 40 என்று பகிர வேண்டும். தமிழ்நாடும் கேரளமும் போல் முதியோர் விகிதம் கூடிய மாநிலங்களுக்குச் சுமை கூடும். அறுபதிலிருந்து எழுபது வரை பத்தாண்டு இடைவெளியும் இருக்கிறது. சம்பளம் நின்று, நோய் தொடங்கும் ஆண்டுகள் அவைதான். உடலுழைப்புத் தொழிலாளிக்கு முதுமை அறுபதுக்கு முன்பே வந்துவிடுகிறது என்பதையும் எழுபது என்ற கோடு கணக்கில் கொள்வதில்லை.

சந்தையில் வாங்குவது

முதியவருக்கு ஏன் தனியார் காப்பீடு எளிதில் கிடைப்பதில்லை என்பதற்கு 1970-இல் ஜார்ஜ் ஏகர்லாஃப் தந்த விளக்கம் இன்னும் நிற்கிறது. பழைய கார் சந்தையைப் பற்றிய அந்தக் கட்டுரையிலேயே 65 வயதைக் கடந்தவர்களின் மருத்துவக் காப்பீட்டையும் அவர் எடுத்துக்காட்டினார்: விலையை ஏற்றினால் நோய் உள்ளவர் மட்டுமே வாங்குவார், அதனால் விலை மேலும் ஏறும்.

இந்தியாவில் இதற்குக் காப்பீட்டுக் கட்டுப்பாட்டு ஆணையம் விதிகளால் பதில் சொல்லப் பார்க்கிறது. 2024 ஏப்ரலிலிருந்து 65 வயதுக்கு மேற்பட்டோருக்கு விற்க மறுக்கும் வழக்கத்துக்கு இடமில்லை. முன்பே இருக்கும் நோய்க்கான காத்திருப்பு அதிகபட்சம் மூன்றாண்டு. ஐந்தாண்டு தொடர்ந்து கட்டியபின், மோசடி தவிர, பழைய நோயை மறைத்ததாகச் சொல்லி மறுக்க முடியாது. 2025 ஜனவரி உத்தரவின்படி முதியவர் பிரீமியத்தை ஆண்டுக்கு 10 விழுக்காட்டுக்கு மேல் ஏற்ற ஆணையத்தைக் கலந்தாக வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் பாலிசிகளுக்கு 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. நீங்கியது.

விற்க மறுக்கக் கூடாது என்று விதி இருந்தாலும், என்ன விலைக்கு என்பது நிறுவனத்தின் கையில். வாங்கியபின் வரும் செலவும் பிரீமியத்தோடு முடிவதில்லை. 20 விழுக்காடு கோ-பே உள்ள பாலிசியில் 2 லட்சம் பில் வந்தால் 40,000 சொந்தக் கை. அறை வாடகை வரம்பு 3,000 என்றிருக்க, 6,000 ரூபாய் அறையில் சேர்ந்தால், பல பாலிசிகளில் அறையோடு தொடர்புடைய மற்றக் கட்டணங்களிலும் பாதிதான் கிடைக்கும். எழுபதில் முதன்முறையாகப் பாலிசி வாங்குவது பெரும்பாலும் நல்ல பேரம் அல்ல. ஐம்பதுகளில் வாங்கி விடாமல் புதுப்பித்து வருவதே சந்தை வழியில் ஓரளவு அர்த்தமுள்ளது. வருமான வரி கட்டும் பிள்ளைகள் பெற்றோருக்காகக் கட்டும் பிரீமியத்துக்குப் பழைய வரி முறையில் 80டி பிரிவின்கீழ் 50,000 ரூபாய் வரை கழிவு பெறலாம். பாலிசி கிடைக்காத மூத்தோரின் மருத்துவச் செலவுக்கும் அதே வரம்புக்குள் கழிவு உண்டு என்பது பலர் தவறவிடும் விதி.

ஆய்வுகளில் தெரிவது

அரசுக் காப்பீடு கைச்செலவைக் குறைக்கிறதா? விடைகள் ஒன்றுபோல் இல்லை. கர்நாடகத்தின் வாஜ்பாய் ஆரோக்கியஸ்ரீ பற்றி நீரஜ் சூட் குழுவினர் 2014-இல் வெளியிட்ட ஆய்வு, திட்டம் ஏற்ற பெரிய நோய்களில் ஏழைகளின் இறப்பும் மருத்துவமனைக் கைச்செலவும் குறைந்ததைக் கண்டது. ஆர்.எஸ்.பி.ஒய். பற்றி அனூப் கரணும் உடனாய்வாளர்களும் 2017-இல் வந்தடைந்த முடிவு நேர் எதிர்: ஏழைக் குடும்பங்களின் மருத்துவச் சுமையை அது குறைக்கவில்லை. முரண்போலத் தோன்றினாலும் இரண்டும் வேறு பொருள்களை அளந்தன. ஒன்று பெரிய நோய்க்கான ஆழமான காப்பு. மற்றது 30,000 ரூபாய்க்குள் அடங்கிய மெல்லிய காப்பு.

அமெரிக்க மெடிகேரைப் பற்றி ஏமி ஃபிங்கல்ஸ்டைனும் ராபின் மக்நைட்டும் 2008-இல் சொன்னதும் கவனிக்கத் தக்கது. முதல் பத்தாண்டுகளில் முதியவர் இறப்பு விகிதம் அதனால் குறைந்ததற்குச் சான்றில்லை. ஆனால் மிகப் பெரிய பில்களால் நொடிந்துபோகும் அபாயம் வெகுவாகக் குறைந்தது. காப்பீட்டின் வேலை ஆயுளை நீட்டுவதா, வீட்டை விற்காமல் காப்பதா என்ற கேள்வியை இந்த முடிவு எழுப்புகிறது.

இந்திய அளவில், மொத்த மருத்துவச் செலவில் மக்கள் கையிலிருந்து நேரடியாகச் செல்லும் பங்கு 2013-14-இல் 64.2 விழுக்காடு, 2021-22-இல் 39.4. இறக்கம் உண்மை. அது காப்பீட்டால் வந்ததா, அரசின் நேரடிச் செலவு கூடியதால் வந்ததா, கணக்கிடும் முறையால் வந்ததா என்பதில் பொருளியலாளரிடையே ஒத்த கருத்து இல்லை.

அட்டைக்கு வெளியே நிற்பவை

முதியவரின் செலவு பெரும்பாலும் அறுவை அரங்கில் நடப்பதில்லை. மாதந்தோறும் மாத்திரை, மூன்று மாதத்துக்கொரு ரத்தப் பரிசோதனை, கண்ணாடி, பல் செட், காது கேட்கும் கருவி, விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் ஆறு மாதம் உடனிருக்க ஓர் ஆள், ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ. இவற்றில் எதையும் காப்பீட்டு அட்டை அநேகமாகத் தொடுவதில்லை. பிரதமர் திட்டம் மருத்துவமனையில் சேர்வதற்கு மூன்று நாள் முன்பும் வீடு திரும்பியபின் பதினைந்து நாளும் ஆகும் செலவை ஏற்கிறது. பக்கவாதம் பதினைந்து நாளில் முடிவதல்ல. மாத உதவித்தொகை 1,200 ரூபாயில் வாழும் முதியவருக்கு இந்தச் செலவுகளே பெரிய செலவுகள். பிள்ளைகள் வெளியூரில் இருக்கும் வீடுகளில், உடனிருக்கும் ஆளுக்குத் தரும் கூலி மருந்துச் செலவை மிஞ்சிவிடுகிறது.

ஜப்பான் இதில் தெளிவான பாடம். 1973-இல் எழுபது கடந்தோருக்கு மருத்துவம் இலவசம் என்று அறிவித்தது. சில ஆண்டுகளில் மருத்துவமனைப் படுக்கைகள் நோயைவிடக் கவனிப்பாரின்மையால் வந்த முதியவர்களால் நிரம்பின. 1983-இல் சிறு கட்டணம் திரும்பி வந்தது. 2000-இல் நீண்டகாலப் பராமரிப்புக்கென்றே தனிக் காப்பீட்டை அந்நாடு உருவாக்கியது. நாற்பது வயதிலிருந்து எல்லாரும் அதற்குக் கட்டுகிறார்கள். சிகிச்சைக்கான பணமும் பராமரிப்புக்கான பணமும் வேறு என்பதை உணர அவர்களுக்கு இருபத்தேழு ஆண்டு ஆனது.

குமரிக்கே உரிய இன்னொரு சிக்கல் எல்லை. மார்த்தாண்டத்துக்காரருக்கு மதுரை தொலைவு, திருவனந்தபுரம் பக்கம். அங்குள்ள மருத்துவக் கல்லூரிக்கும், மண்டலப் புற்றுநோய் மையத்துக்கும், ஸ்ரீசித்திரைத் திருநாள் நிறுவனத்துக்கும் களியக்காவிளை தாண்டிப் போவது தலைமுறைப் பழக்கம். காப்பீட்டு அட்டை மாநில ஒப்பந்தத்துக்குக் கட்டுப்பட்டது. எந்த மருத்துவமனை எந்த மாநில அட்டையை எந்த நோய்க்கு ஏற்கும் என்பதைச் சேர்வதற்கு முன் அங்குள்ள காப்பீட்டு மேசையில் கேட்டு உறுதிசெய்துகொள்வதே பாதுகாப்பு. மலையாளமும் தமிழும் கலந்து பேசும் நோயாளிக்கு இல்லாத எல்லை, அவர் அட்டைக்கு இருக்கிறது.

இன்னும் முடிவாகாதவை

மேலே கண்ட பதில்களில் எதுவும் முழுத் தவறல்ல, எதுவும் தனியாகப் போதுமானதும் அல்ல. இந்த மாவட்டத்தைப் பொறுத்தவரை அன்றாட நோய்க்கு அரசு மருத்துவமனையும் வீடு தேடி வரும் மருந்தும் செய்யும் உதவி, எண்ணிக்கையில் அட்டை செய்வதைவிடப் பெரிது என்றே தோன்றுகிறது. அட்டையின் பயன் குறைவான பேருக்கு, ஆனால் அவர்களுக்கு அது தீர்மானகரமானது. தனியார் பாலிசி, அறுபதுக்கு முன்பே தொடங்க முடிந்த நடுத்தரக் குடும்பத்துக்கு மட்டும் ஒரு கூடுதல் துணை.

முடிவாகாத கேள்விகள் மூன்று முக்கியமானவை. வெளிநோயாளிச் செலவைக் காப்பீட்டுக்குள் கொண்டுவருவதா, அந்தப் பணத்தை ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கே தருவதா என்பது ஒன்று. சிறு பில்களை ஒவ்வொன்றாகச் சரிபார்க்கும் செலவே பெரிதாகிவிடும் என்பதால் இரண்டாவது வழிக்கே சான்றுகள் சாய்கின்றன. அறுபது முதல் எழுபது வரையிலான இடைவெளியை மாநிலம் தன் செலவில் நிரப்புமா என்பது மற்றொன்று. உடனிருந்து பார்ப்பவரின் கூலியை யார் தருவது என்பது மூன்றாவது. இதற்கு மேலே கண்ட காப்பீட்டுத் திட்டங்கள் எதுவும் இன்னும் பதிலே சொல்லத் தொடங்கவில்லை.

அரசுக் காப்பீட்டு ஒப்பந்தங்கள் நான்கைந்து ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுகின்றன. குடும்பம் என்றால் யார், எந்த மருத்துவமனை, எந்த மாநிலம், எத்தனை நாள் மருந்து என்பதெல்லாம் எழுதப்படுவது அப்போதுதான். ஓய்வூதியர் சங்கங்களும், முந்திரித் தொழிலாளர் சங்கங்களும், மீனவர் அமைப்புகளும் தங்கள் கோரிக்கைகளை அந்த ஒப்பந்தம் கையெழுத்தாவதற்கு முன் அரசிடம் எழுத்தில் கொடுக்க வேண்டும்.